உறவுமுறை என்று ஒரு கட்டம்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு நீ அனுப்பிய மேசைப் பட்டியல் கிடைத்தது. கீழே கொமினிகேஷன் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பு மண்டபத்தில் யார் எந்த மேசையில் இருப்பது என்று இவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்கிறாய். கணக்கு ரீச்சரின் மகன் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. முதலாம் மேசையில் நானும் பெரியமாமாவும் பெரியமாமியும். பதினெட்டாம் மேசை சமையல் பக்கக் கதவுக்கு அருகில். அதில் வான் ஓட்டும் சாரதி, வீடியோ எடுப்பவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குக் கீழே ராணி அன்ரி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாய். ராணியின் பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தில் 'வேலைக்கு இருப்பவர்' என்று எழுதியிருக்கிறாய்.

உடனே உனக்கு ரெலிபோன் எடுக்கத்தான் போனேன். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். நீயும் "நீங்கள்தானே அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்" என்று கேட்டிருப்பாய். அந்தச் சொல் என்னுடையதுதான். நீ என்னிடமிருந்து படித்ததைத்தான் எழுதியிருக்கிறாய். அதனால் ரெலிபோனை வைத்துவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். நீ கட்டப்போகிற மதுஷாவுக்கும் படித்துக் காட்டு, அவளுடைய அம்மா கேட்டால் அவவுக்கும் காட்டு. மறைத்துப் படிக்கிற கடிதம் எழுதும் வயது எனக்குப் போய்விட்டது. வருகிற மாதம் அறுபத்தொன்பது முடிகிறது. இன்னொன்று, இதில் நான் 'ராணி அன்ரி' என்று எழுதப் போவதில்லை. ராணி என்றே எழுதுகிறேன். எனக்கு அவள் அன்ரி இல்லை.

உன் அப்பா ஜெர்மனிக்குப் போனபோது உனக்கு இரண்டு வயது. ஆறு மாதத்தில் எங்களைக் கூப்பிடுவதாகச் சொன்னவர், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்பதை நான் ஊரார் வாயால் கேட்டேன். அந்தக் கதை உனக்குத் தெரியும். தெரியாதது இது. நான் கொட்டாஞ்சேனையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் உனக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். பாடசாலை விட்டதும் பக்கத்து பாமசியில் மருந்து எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவள்தான் ராணி. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்து, சொந்தக் காலில் கொழும்புக்கு வந்தவள். எந்த டொக்டரின் கிறுக்கலையும் வாசிப்பாள். ஒருநாள் உன்னுடைய சீட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பத்து வயசுப் புள்ளைக்கு எழுதுற அளவு இல்ல. திரும்பப் போயி கேட்டுட்டு வாங்க" என்றாள். திரும்பப் போய்க் கேட்டேன். டொக்டர் திருத்தித் தந்தார். அன்றிலிருந்து மருந்து தேவையில்லாத நாட்களிலும் நான் அந்தப் பாமசிக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே விளங்க மூன்று மாதம் எடுத்தது.

ஜிந்துப்பிட்டியில் அவள் இருந்த அறையின் சொந்தக்காரர், வெளியூர்ச் சனத்தை வைத்திருந்தால் பொலிஸ் கரைச்சல் என்று எழும்பச் சொன்னார். எங்களிடம் வா என்றேன். ஒரு சூட்கேசோடு வெள்ளவத்தைக்கு வந்தாள். தம்பி, இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. எனக்கு அவளைப் பிடித்தது. உன் அப்பாவோடு வாழ்ந்த ஐந்து வருடத்தில் ஒருநாளும் தெரியாத மாதிரிப் பிடித்தது. நாற்பத்தொரு வயதில் அது எனக்கு வந்தது, அவளுக்கும் வந்தது. இருபத்தெட்டு வருடமாக நாங்கள் சோடியாகத்தான் வாழ்கிறோம். பத்திரிகைகளில் இதற்கு 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வைத்தியசாலைச் சீட்டில் வருகிற வருத்தத்தின் பெயர் மாதிரிக் கேட்கிறது. நல்ல சொல் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது, அவள் என் துணை.

இனி அந்தப் பதிவுத் தாள். நீ மறந்திருக்க மாட்டாய். யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர் செய்யவேண்டியிருந்ததுபோல, வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் கலண்டரோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தோம். ராணி வந்த கிழமையே அவளையும் பதியப் போனோம். நீண்ட வரிசை. தாள் முழுக்கச் சிங்களம். என்னுடைய சிங்களம் மரக்கறி வாங்குவதற்கு மட்டும் போதும். அவள் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவள். ஆகவே பேனை அவளுடைய கையில் இருந்தது. பெயர், பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம் என்று நிரப்பிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வீட்டுத் தலைவருக்கு என்ன முறை என்று கேட்கிற கட்டம். மெதுவாக என் பக்கம் திரும்பி, "டீச்சர், இதுல என்னா எழுதட்டும்?" என்றாள்.

நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன். சொந்தம் என்றால் அடையாள அட்டையில் ஒருத்தி யாழ்ப்பாணம், மற்றவள் நுவரெலியா; ஒரு கேள்வியில் பிடிபடும். சிநேகிதி என்றால் ஏன் ஒரு சிநேகிதி இந்த வீட்டில் வந்து இருக்கவேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். வாடகைக்கு என்றால் அதற்கு நாலு கடிதம் வேண்டும். "வேலைக்காரி எண்டு போடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதினாள். அவளுடைய எழுத்து அழகு என்பது உனக்குத் தெரியும்தானே. அந்தச் சொல்லையும் அழகாகத்தான் எழுதினாள்.

பொலிஸுக்குப் பயந்து எழுதுவித்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை இன்றைக்கு எழுதுகிறேன். அந்தச் சொல் எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டு பெண்கள் ஏன் ஒரு அறையில் படுக்கிறார்கள் என்று மேல்வீடு, கீழ்வீடு, பெரியமாமி ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்து ரீச்சர் வீட்டில் வேலைக்கு இருப்பது கொழும்பில் யாருக்குத்தான் புதினம்? அவள் மலையகத்தாள் என்பதை வைத்துத்தான் அந்தப் பொய் ஓடியது. அதே கட்டத்தில் என்னை வேலைக்காரி என்று எழுதியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பொய் சொன்னவள் நான், அதற்கு உழைத்தவள் அவள். வேலைக்காரி என்று பதிந்த பெண் காலையில் கைப்பையோடு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினால் ஒழுங்கையில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரு மாதத்துக்குள் பாமசி வேலையை விட்டாள். விடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் வீட்டுக்கு வந்தால் கதிரையை விட்டு எழும்பி நிலத்தில் இருந்தாள். என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்ட வாய் இன்றுவரை மாறவில்லை. மேல்வீட்டு அம்மா டொக்டரின் சீட்டு விளங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு 'ரீச்சரின் வேலைக்காரி'யிடம் வருவா. அவள் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லிக் கொடுப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம் நாங்கள். சோறு ஆக்கியதும் அவள்தான்.

உனக்குப் பதினாலு வயதில் ஒரு பின்னேரம் கூட்டாளிகள் நாலு பேரோடு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, "ராணி அன்ரி, அஞ்சு பிளேன்ரீ" என்று குரல் கொடுத்தாய். ஒரு பொடியன் உன்னைவிட அதிகாரமாக, சீனி கூடப் போடச் சொன்னான். நான் பக்கத்து அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டும். சிவப்புப் பேனையோடு அடுத்த கொப்பியை எடுத்தேன். ஊராருடைய பிள்ளைகளின் கணக்கிலெல்லாம் பிழை பிடித்தேன், என் வீட்டில் நடந்த பிழைக்கு வாய் திறக்கவில்லை.

அதே வருடம்தான் பெரியமாமாவின் மகளுக்குக் கல்யாணம். பெரியமாமி ராணியை விடியவே மண்டபத்துக்கு அனுப்பச் சொன்னா, தேங்காய் துருவ ஆள் போதாதாம். அனுப்பினேன். நான் காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். பந்தி முடிந்து தேடிப் போனபோது, பின் படிக்கட்டில் சமையல்காரரோடு இருந்து வாழையிலைத் துண்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடுத்தியிருந்த நீலச் சேலை நான் அவளுடைய பிறந்தநாளுக்கு எடுத்துக் கொடுத்தது. அதில் மஞ்சள் கறை. பஸ்ஸில் வரும்போது அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பாயாசம் நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நீ பத்தொன்பது வயதில் பதிவுப் பிரதி இல்லாமல் வெளியே போய்ப் பிடிபட்ட நாளை நினைத்துப் பார். செய்தி வந்ததும் இருந்த கொஞ்சச் சிங்களமும் எனக்கு மறந்தது. ராணி கதவுக்குப் பின்னால் தொங்கிய தாளை உருவி எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். உள்ளே என்ன நடந்தது என்று நீதான் எனக்குச் சொன்னாய். தாளைப் பார்த்த அதிகாரி, வேலைக்காரி ஏன் வந்தாய், தாய் வரட்டும் என்றாராம். அவள் மேசையைவிட்டு அசையாமல் "மே மகே புதா" என்றாளாம். இவன் என்னுடைய மகன் என்று. அதையே மூன்று தரம் சொன்னாளாம். பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். தன்னை வேலைக்காரி என்று அவள் தன் கையால் எழுதிய தாளைக் காட்டித்தான் உன்னை வெளியில் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு நீ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் நேராகக் கேட்டாய். "அம்மா, ராணி அன்ரி என்னை ஏன் தன்ர மகன் எண்டு சொன்னவா?" உன் வாழ்க்கையில் நீ என்னிடம் கேட்ட நல்ல கேள்வி அதுதான். அவள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீரை நிற்பாட்டியது எனக்குக் கேட்டது. நான், "பொலிஸுக்குச் சும்மா சொன்னது" என்றேன். மறுபடி தண்ணீர் ஓடியது. அந்தக் கேள்விக்கு உனக்குச் சரியான பதில் தர இவ்வளவு காலம் எடுத்துவிட்டேன், அப்பன். அவள் சும்மா சொல்லவில்லை.

இனி, இரண்டு வருடத்துக்கு முந்திய என் நெஞ்சு ஒப்பரேஷன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உனக்குச் சொன்னோம். நடந்தது வேறு. ராணிதான் என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கையெழுத்து வைக்க நீங்கள் நோயாளிக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவளுடைய வாயில் தானாக வந்தது, "வேலைக்கு இருக்கேங்க." சொந்தக்காரரைக் கூப்பிடச் சொன்னார்கள். தெஹிவளையிலிருந்து பெரியமாமா வந்து சேரும் வரைக்கும் நான் தனியாகக் கிடந்தேன். பார்க்க வருபவருக்கான அட்டை ஒன்றுதான். அது பெரியமாமி கைக்குப் போயிற்று. மூன்று நாள் ராணி கீழே மர வாங்கில் இருந்தாள். மேலே நான், வருகிறவர் போகிறவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன், அவளுடைய முகத்தைத் தவிர. செத்தால் இப்படித்தான் சாவேன் என்று அப்போது விளங்கியது. உடம்பில் போட்ட தையல் காய்வதற்கு முன்னமே முடிவெடுத்துவிட்டேன், இனி ஒரு கட்டத்திலும் அந்தச் சொல் வரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டத்தரணியிடம் போய், எனக்கு இயலாமற் போனால் யாரைக் கூப்பிடவேண்டும், நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் யார் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தேன். உனக்கும் ஒரு பிரதி வரும். நாட்டின் சட்டப் புத்தகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு எதிரான வரி இன்னும் கிடக்கிறது. கிடக்கட்டும். எழுதக்கூடியதை எழுதிவிட்டேன்.

கோல்பேஸ் கடற்கரையில் இளம் பிள்ளைகள் வானவில் கொடி பிடித்துக்கொண்டு போனதை ராணியின் போனில் பார்த்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள், "இந்தப் புள்ளைங்க வெயில்ல ஒரு தொப்பி கூட போடாம நடக்குதுங்க" என்று கவலைப்பட்டாள். அவர்களுக்கு இருக்கும் தைரியத்தில் கால்வாசி எனக்கு நாற்பது வயதில் இருந்திருந்தால் அவள் பாமசியில் ஓய்வு பெற்றிருப்பாள். போனது போயிற்று. இருப்பதைச் சொல்கிறேன்.

கல்யாணத்தில் ராணி முதலாம் மேசையில், எனக்குப் பக்கத்தில் இருப்பாள். முடியாது என்றால் என்னுடைய பெயரையும் பதினெட்டாம் மேசையில் போடு. வான் சாரதியோடு கதைக்க எனக்கு நிறைய இருக்கிறது. அடுத்தது ஆராத்தி. இரண்டு சுமங்கலிகள் எடுக்கவேண்டும் என்று பெரியமாமியையும் சின்னமாமியையும் போட்டிருக்கிறாய். சுமங்கலி என்றால் என்ன என்று இந்த வயதில் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். முறைப்படி பார்த்தால் நானும் சுமங்கலிதான். ஜெர்மனியில் வேறொருத்தியோடு இருக்கிற மனிசன் மூச்சு விடுகிறார் என்பதற்காக எனக்கு அந்தத் தகுதி. இருபத்தெட்டு வருடம் என் காய்ச்சலுக்கும் உன் இழுப்புக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கு அது இல்லையாம். அந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. நீயும் மதுஷாவும் வாசலுக்கு வரும்போது ஆராத்தித் தட்டின் ஒரு பக்கத்தை நான் பிடிப்பேன், மறுபக்கத்தை ராணி பிடிப்பாள். பெரியமாமாவுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்து மடித்து வைத்துவிட்டு, "சனம் என்ன சொல்லும்?" என்றார். உலைக்கு மூடி இருக்கு, ஊர்வாய்க்கு மூடி இல்லையே அண்ணா என்றேன். வருவதாகத்தான் சொன்னார். பெரியமாமி இன்னும் கதைக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பிழை விட்டவளுக்குத்தான் பிழை எங்கே நடக்கும் என்று தெரியும். மதுஷாவைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால் வசதியான சொல்லைச் சொல்லாதே. ஒருநாளைக்கு மட்டும் என்றுதான் சொல்வாய். பிறகு அந்தச் சொல்லுக்குள் அவள் குடியிருக்க வேண்டி வரும். அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளாதே. பாயாசம் நல்லாயிருந்தது என்று அவள் சொல்கிற நாளில் பக்கத்தில் இருந்து, என்ன நடந்தது என்று கேள். நான் கேட்கவில்லை.

ராணிக்கு இதெல்லாம் விருப்பமில்லை என்பதையும் சொல்லவேண்டும். "நமக்கு எதுக்கு டீச்சர் இது, தம்பி கல்யாணம் நல்லபடியா நடந்தா போதும்" என்று இரண்டு நாள் என்னோடு சண்டை. மூன்றாம் நாள் பார்த்தால் அந்த நீலச் சேலையை எடுத்துக் கறை இருந்த இடத்தைத் திரும்பவும் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

நேற்றுக் காலை உன்னுடைய பட்டியலை மேசையில் விரித்து, பேனையை அவளிடம் கொடுத்தேன். பழைய தாளில் எழுதியதும் உன் கை, இதை வெட்டுவதும் உன் கையாக இருக்கட்டும் என்றேன். அடிமட்டம் கேட்டாள். பதினெட்டாம் மேசையில் தன் பெயருக்கும் அதற்கு எதிரே இருந்த சொல்லுக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். பிறகு முதலாம் மேசையில் என் பெயருக்குக் கீழே 'முத்தையா இராஜேஸ்வரி' என்று எழுதினாள். அதுதான் அவளுடைய முழுப் பெயர். அந்தச் சிங்களத் தாளில் இருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய், நாங்களும் சொன்னதில்லை. உறவுமுறைக் கட்டத்துக்கு வந்ததும் அன்றைக்குப் போலவே நின்றாள். இந்தமுறை என் பக்கம் திரும்பவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, "அத தம்பி எழுதட்டும்" என்றாள்.

நானும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு ஒருமுறை நான் சொல்லிக்கொடுத்தது போதும். தாளையும் இந்தக் கடிதத்தையும் ராணியின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டுமாம். அதற்கு முன் நிரப்பி அனுப்பு.

அம்மா